மண்ணெண்ணெயில் ஓடிய கார்களும் ஒரு லட்சம் கிலோமீற்றர் பெல்ற்றும்

யாழ்ப்பாணத்துப் பழைய கார்களைப் பற்றி யார் எழுதினாலும் அதுக்குள்ள மண்ணெண்ணெய் வந்திடும். 1990இல் பொருளாதாரத் தடை வந்தது, பெற்றோல் இல்லாமல் போனது, எங்கட ஆக்கள் மண்ணெண்ணெயில் கார் ஓடினார்கள். கடைசியில் "தமிழன்ர மூளை" எண்டு ஒரு வசனம். அதோட கட்டுரை முடிஞ்சிடும். அந்த மூளையை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாக் காரும் மண்ணெண்ணெயில் ஓடாது. ஒஸ்ரின் ஏ40 ஓடியது, மொறிஸ் மைனர் ஓடியது. அது ஏன் என்று கேட்டால்தான் கதை சுவாரசியமாகிறது.

முதலில், அந்தக் கார்கள் ஏன் அங்கே இருந்தன? 1960களிலிருந்தே அந்நியச் செலாவணி இல்லையென்று இலங்கை கார் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. 1977க்குப் பிறகுதான் ஜப்பான் வாகனங்கள் பெருமளவில் வந்தன. ஆகவே 1950களில் வந்த இங்கிலாந்துக் காரைத் திருத்தித் திருத்தி ஓடுவது தடைக்கு முதலே எங்கட கராஜ்களுக்குப் பழகின வேலை.

அடுத்தது எஞ்சின். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் கிடைத்த பெற்றோலே தரம் குறைந்தது. அதுக்கு ஏற்றபடி ஏ40 மாதிரியான எஞ்சின்கள் கலவையை ஏழு மடங்கு அளவுக்குத்தான் அமுக்கின. இன்றைய எஞ்சினில் மண்ணெண்ணெயை விட்டால் அது நேரம் தப்பி வெடித்து எஞ்சினைத் தட்டும். பழையது தாங்கிக்கொண்டது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது என்பதால் கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அதுக்கு ஒரு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ஓரத்தால் கீழிறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், உள்ளே எல்லாம் தேயும். கண் எரியும் புகை தனி. பெருமை பேசும் கட்டுரைகளில் இந்தத் தேய்மானம் வருவதில்லை.

இனி, ஒருவரும் கதைக்காத பாகத்துக்கு வருவம். எஞ்சினின் அடியில் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால், வால்வுகளைத் திறந்து மூடும் காம் தண்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இந்தக் கணக்குப் பிசகினால் எஞ்சின் இல்லை. மொறிஸ், ஒஸ்ரின்களில் காம் தண்டு கிராங்குக்குப் பக்கத்திலேயே, கீழே இருந்தது. இரண்டையும் ஒரு குட்டைச் செயின் இணைத்தது. ஒயிலில் நனைந்தபடி ஓடும் இரும்புச் செயின். தேய்ந்தால் தொய்யும், தொய்ந்தால் சலசலக்கும். எங்கட ஊர் மெக்கானிக் ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கு: "தம்பி, செயின் சாகப்போறன் எண்டு மாசக்கணக்காச் சத்தம் போடும். பெல்ற் ஒண்டும் சொல்லாது."

அந்தப் பெல்ற் வந்த வழி வேறு. 1940களில் அமெரிக்காவின் எல்.எச். கில்மர் நிறுவனத்தில் ரிச்சர்ட் கேஸ் என்பவர் பல் வைத்த பெல்ற்றை உருவாக்கினார். அது முதலில் போனது சிங்கர் தையல் மெஷினுக்கு. மேல் ஊசியும் கீழ்ச் சுழலியும் நேரம் தவறாமல் சேர வேண்டும் அல்லவா? (எங்கட அம்மம்மாக்களின் கால் மெஷினில் இருப்பது தோல் பெல்ற், அது வேறு.) காருக்குள் அதைக் கொண்டுவந்து தொடர் உற்பத்தி செய்தது பெரிய கொம்பனி ஒன்றும் இல்லை. பவேரியாவில் விதைப்பு இயந்திரங்கள் செய்துகொண்டிருந்த கிளாஸ் நிறுவனம்தான் 1962இல் கிளாஸ் 1004 காரில் அதைப் போட்டது. நாலு வருசத்தில் அந்த நிறுவனத்தை பி.எம்.டபிள்யூ வாங்கிவிட்டது, பெல்ற் மட்டும் உலகம் முழுக்கப் பரவியது. காம் தண்டைத் தலைக்கு மேலே கொண்டுபோனால் செயின் நீளமாகும், சத்தமாகும், விலையும் கூடும். ரப்பர் பெல்ற் மலிவு, அமைதி, ஒயிலும் தேவையில்லை.

ஆனால் அதுக்கு ஒரு நிபந்தனை இருக்கு. குறித்த தூரத்தில் மாற்றியே ஆக வேண்டும். எங்கட றோட்டுகளில் ஓடும் ரொயோட்டா டொல்பின் வானை எடுங்கோ. அதன் டீசல் எஞ்சினில் காமையும் டீசல் பம்பையும் இழுப்பது ஒரு பெல்ற்தான். டாஷ்போர்ட்டில் அதுக்கென்றே ஒரு லைற் இருக்கும், பெரும்பாலும் ஒரு லட்சம் கிலோமீற்றரில் எரியும். டீசல் எஞ்சினில் பிஸ்ரனுக்கும் வால்வுக்கும் இடையே இடம் மிகக் குறைவு. ஓடும்போது பெல்ற் அறுந்தால் பிஸ்ரன் திறந்த வால்வில் அடித்து வளைத்துவிடும்.

என்னைப் பொறுத்தவரை பெல்ற் என்பது அமைதிக்காலப் பொருள். ஒரு லட்சம் கிலோமீற்றருக்குப் பிறகும் றோட்டுத் திறந்திருக்கும், கடையில் சாமான் இருக்கும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டது. 2002இல் ஏ9 திறந்த பிறகு வடக்குக்கு அந்த எண்ணம் ஓரளவு பொருந்தியது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022இல் டொலரும் இல்லாமல் போனபோது நாடு முழுக்கவே ஆட்டம் கண்டது. தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியது 2025இல்தான். இடையில் பழைய வாகனங்கள் கைமாறிக் கைமாறி ஓடின. நாலாவது சொந்தக்காரருக்குப் பெல்ற் எப்போது மாற்றப்பட்டதென்று எப்படித் தெரியும்? லைற் கிலோமீற்றரை மட்டுமே எண்ணும். பெல்ற்றை மாற்றாமலே லைற்றை அணைக்கலாம். நிறுத்தியே வைத்திருந்தாலும் ரப்பர் வயதாகி இறுகிப்போகும்.

ஆகவே வாங்கின உடனே மாற்றுவதுதான் சரி. பெல்ற்றோட ரென்சனரையும் மாற்ற வேண்டும். அதன் பெயாரிங் இறுகினால் புதுப் பெல்ற்றும் போகும். காம், கிராங்க் சீல்களையும் விடக்கூடாது, கசியும் ஒயில் ரப்பரைத் தின்னும். சில கார்களில் வோட்டர் பம்பையும் இதே பெல்ற்தான் சுற்றும், அப்படியென்றால் அதையும் சேர்த்து. காசு போவது பெரும்பாலும் கழற்றிப் பூட்டும் கூலிக்கு, அதை ஏன் இரண்டு தரம் குடுப்பான்? செற்றுக்கும் ஸ்பீக்கருக்கும் செலவழிக்கிற ஆக்கள் இதில மிச்சம் பிடிக்கிறது எனக்கு விளங்கவே இல்லை.

பூட்டி முடித்ததும் நல்ல மெக்கானிக் சாவியைத் தொடமாட்டார். கிராங்கை ஸ்பானரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் திரும்ப நேருக்கு நேர் வருகுதா, எங்கேயும் முட்டுதா என்று பார்ப்பார். பிறகு கவரில மாக்கர் பேனையால திகதியையும் கிலோமீற்றரையும் எழுதுவார், அடுத்து வாங்குபவர் பார்க்கட்டும் என்று.