கறளும் வண்ணமும்: வன்னியின் பழைய மோட்டார் வண்டிகள்

பழைய மோட்டார் வண்டி ஒன்றின் கறளை நீக்கி, உறுப்புகளுக்குப் புதுவண்ணம் தீட்டி அழகு பார்ப்பது பல நாடுகளில் வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகும். வன்னிப் பெருநிலத்தில் அதே வேலை வாழ்க்கைத் தேவையாக இருந்தது. அதன் வரலாறு அறியத்தக்கது.

இங்கிலாந்தின் ஒஸ்ரின் நிறுவனம் 1947ஆம் ஆண்டில் ஏ 40 வகை வண்டியை வெளியிட்டது. அதன் 1,200 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தைக் கொண்டே 1950 முதல் 1953 வரை ஏறத்தாழ 4,000 ஸ்போட்ஸ் வண்டிகளும் செய்யப்பட்டன. அவை இன்று சேகரிப்போரின் செல்வங்கள். அவற்றின் எளிய உடன்பிறப்புகளாகிய டெவன், சொமர்செற் வண்டிகளும், மொறிஸ் மைனரும் இலங்கையின் வடபகுதியில் வாடகை வண்டிகளாக உழைத்தன. 1960களின் தொடக்கத்தில், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மோட்டார் வண்டி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977ஆம் ஆண்டில் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை பழைய வண்டியைப் பேணுவதே வழியாயிற்று.

பேணுதல் எளிதன்று. மாரி காலத்தில் மண்சாலைச் சேறு சில்லுக் காப்புகளின் உட்புறத்தில் ஒட்டி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். வெளியே சிறு கொப்புளம் தோன்றும்போது உள்ளே தகடு பாதி அரிக்கப்பட்டிருக்கும். சொமர்செற் வண்டிக்குத் தனிச் சட்டகம் உண்டு. மேல்தகடு அரித்தாலும் முதுகெலும்பு நிற்கும். மொறிஸ் மைனரிலோ உடற்கூடே சுமையைத் தாங்குகிறது. அதன் அடித்தகட்டில் கறள் ஏறினால் அதனை எலும்பு நோய் என்றே கொள்ளவேண்டும்.

கம்பித் தூரிகையாலும் அரத்தாளாலும் வெள்ளிரும்பு தெரியும்வரை தேய்த்தல் முதல் வேலை. அரித்த பகுதியை வெட்டி வேறு தகட்டை ஒட்டுதல் அடுத்தது. பின்னர் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, தாமதமின்றிச் செந்நிற அடிப்பூச்சு இடவேண்டும். வெறும் இரும்பை ஓர் இரவு பனியில் விட்டாலே மறுநாள் செம்மை படரும். அடிப்பூச்சு உலர்ந்து மட்டப்படுத்திய பின்னரே மேல்வண்ணம்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. வடக்கே பெற்றோல் செல்லத் தடை வந்தது. அப்போது இப்பழைய வண்டிகளே கைகொடுத்தன. இவற்றின் இயந்திரங்களில் அழுத்த விகிதம் குறைவு. ஆகவே சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்தபின் மண்ணெண்ணெயில் ஓட்ட முடிந்தது. கரும்புகை எழுந்தது, இயந்திரம் தேய்ந்தது; ஆயினும் நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஏற்றிச் செல்ல வண்டி இருந்தது. உதிரிப்பாகங்கள் அரிதான அந்நாளில், கறள் பிடித்துக் கிடந்த ஒரு வண்டியின் உறுப்பு இன்னொரு வண்டிக்கு உயிரளித்தது.

2002ஆம் ஆண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, பின்னர் ஏ 9 வீதியும் திறக்கப்பட்டது. பெற்றோலும் பெயின்ரும் வந்தன. அந்த ஆறுதல் நீடிக்கவில்லை. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிளிநொச்சி மக்கள் உடைமைகளை வாகனங்களில் ஏற்றிக்கொண்டு கிழக்கே இடம்பெயர்ந்தனர். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்கால் மணலில் போர் முடிந்தபோது, எண்ணற்ற வாகனங்கள் எரிந்தும் கைவிடப்பட்டும் கிடந்தன. உப்புக் காற்று அவற்றை விரைவாகத் தின்றது. உரியவர் உயிருடன் இல்லாத வண்டியின் கறளைத் தேய்க்க எவர் வருவார்? பல பழைய இரும்பாகக் கழிந்தன.

எஞ்சியவற்றைப் புதுப்பிப்போர் ஒன்றை மனத்திற் கொள்ளுதல் நன்று. ஒட்டிய தகடுகளும், ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிய வண்ணங்களும், மண்ணெண்ணெய்க்காகச் செய்த மாற்றங்களும் தொழிற்சாலையில் இல்லாதவை. ஆயினும் அவை இம்மண்ணின் மக்கள் பிழைத்திருந்ததற்குச் சான்றுகள். அரத்தாளை எடுக்குமுன் அவற்றைப் படம் பிடித்து எழுதிவைத்தால், வண்டியோடு அதன் வரலாறும் காக்கப்படும்.