சேரியும் காலனியும்: இரு சொற்களின் வரலாறு



2023 நவம்பரில் நடிகையும் அரசியல்வாதியுமான ஒருவர் சமூக ஊடகத்தில் ‘சேரி மொழி’ என்று எழுதினார். எதிர்ப்பு எழுந்ததும், பிரெஞ்சில் அச்சொல்லுக்கு அன்பு என்று பொருள் என விளக்கம் தந்தார். பொருள் தேடி நாம் பிரான்சுக்குப் போக வேண்டியதில்லை. உத்திரமேரூர் வரை போனால் போதும்.

அங்குள்ள பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் (919, 921) 30 குடும்புகளையும் 12 சேரிகளையும் குறிப்பிடுகின்றன. அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். அவர்கள் குடியிருந்த பகுதிக்கும் சேரி என்றே பெயர். சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவுதான். அடுத்த நூறாண்டுக்குள் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘பறைச்சேரி’, ‘கம்மாணசேரி’, ‘தீண்டாச்சேரி’ வருகின்றன. எவருடைய சேரி என்பதை அன்று அடைமொழிதான் சொன்னது. காலப்போக்கில் அடைமொழி உதிர்ந்தது, இழிவு ஒட்டிக்கொண்டது. ஆனால் வேளச்சேரியில் மனை வாங்குகிறவர் எவரும் அந்தப் பெயருக்காகக் கூச்சப்படுவதில்லை.

‘சேரி மொழி’ என்று பழிக்கப்படும் பேச்சைக் கொஞ்சம் கேட்போம். ‘குந்து’, ‘அவனாண்ட’, ‘வந்துகினு’. ‘ஆண்ட’ என்பது அண்டை. ‘கினு’ என்பது கொண்டு. செங்கல்பட்டு, வட ஆர்க்காட்டுக் கிராமங்களிலும் புழங்கும் தமிழ்தான் மயிலாப்பூர்க் குப்பங்களிலும் அடையாற்றங்கரையிலும் ஒலிக்கிறது.

பெயருக்கான போராட்டம் நமக்குப் புதிதல்ல. 1922இல் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் வழியே ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயர் அரசு ஆவணங்களில் ஏறியது. பின்னாளில் நமக்கு அரசு கட்டித்தந்த குடியிருப்புகள் ‘காலனி’ ஆயின. இலத்தீனில் இச்சொல்லின் வேர் உழவனைக் குறிக்கும். இங்கோ உழுதவனுக்கு நிலமில்லை. மயிலாப்பூரின் சி.ஐ.டி. காலனி கௌரவமான முகவரி. கிராமத்தில் ‘காலனிக்காரன்’ என்றால் சாதிப்பெயர். 2025 ஏப்ரலில் இச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் அறிவித்தார். அதை வரவேற்கிறோம்.

ஆனால் சொல் தானாக இழிவடைவதில்லை. 2022 மே மாதம் இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டன. அதற்கு முன்பிருந்தே நகரின் நடுவில் வாழ்ந்தவர்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டு வருகிறார்கள். முகவரியைப் பார்த்ததும் வேலை தரத் தயங்குகிறார்கள் என்று கண்ணகி நகர் இளைஞர்கள் சொல்கிறார்கள். ‘நகர்’ என்ற சொல்லுக்கும் அதே கதி நேர்கிறது. மக்களை ஒதுக்கும் இடத்துக்கு எந்தப் பெயரை வைத்தாலும் அது வசைச்சொல்லாகிவிடும்.

ஆகவே பெயர்ப்பலகை மாற்றத்தோடு நம் கோரிக்கை நின்றுவிடக் கூடாது. வாழ்ந்த இடத்திலேயே வீடும் பட்டாவும் வேண்டும். மாணவர்கள் தங்கள் தெருவின் சொற்களையும் இடப்பெயர்களையும் முதியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். இடிக்கப்பட்ட தெருவுக்கு நாளை அவையும் சான்றாகும்.