கைதுக்குப் பின் 24 மணி நேரம்



அடிதடி வழக்கில் வீட்டுப் பிள்ளையை மாத்தா பிடித்துச் சென்றுவிட்டால், தோட்டத்தில் நம் பெரியவர்கள் முதலில் ஓடியது லாயரிடம் அல்ல. கிராணியிடம், அல்லது கோயில் தலைவரிடம். அதற்குக் காரணம் இருந்தது. ஒப்பந்தக் கூலிமுறை நடந்த நாளில் தோட்டத்தை விட்டு ஓடுவதே குற்றம். ஓடியவரைப் பிடித்து மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தினார்கள். இந்தியத் தொழிலாளருக்கு அம்முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கோர்ட்டு என்றால் துரைமாருக்கு உரியது என்ற எண்ணம் மட்டும் லயத்தை விட்டு அத்தனை எளிதில் போகவில்லை.

இன்று நாம் காணப்போகும் சட்டமும் நம் பாட்டன்மாரைப் போலவே கடல் கடந்து வந்ததுதான். மெக்காலே துரை தலைமையில் 1837இல் கல்கத்தாவில் எழுதப்பட்ட நகல், 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டமாயிற்று. அதையே முன்மாதிரியாகக் கொண்டு 1871இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்குச் சட்டம் இயற்றினார்கள். பிரிவு எண்கள்கூட மாறவில்லை. இந்தியா 2024இல் அந்தப் பழைய சட்டத்தைக் கைவிட்டது. இங்கே 323ஆம் பிரிவு இன்னும் 323தான்: வேண்டுமென்றே ஒருவருக்குக் காயம் விளைவித்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டுமே. வெட்டும் கருவியால் காயப்படுத்தியதாகச் சொன்னால் அது 324. சிறை பத்தாண்டு வரை போகும். பால்வெட்டுக் கத்தியும் பாராங்கும் நமக்கு வேலைச் சாமான்கள். கையில் இருக்கும்போது சண்டை வந்தால் வழக்கின் எண்ணே மாறிவிடும். ஆகவே குடும்பத்தார் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எந்தப் பிரிவு?" என்பது.

அடுத்த கேள்வி, "எந்தப் பாலாயில் வைத்திருக்கிறார்கள்?" என்பது. இதைக் கேட்கும் உரிமை எளிதில் கிடைத்ததல்ல. 1957இல் வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 5ஆவது விதி, கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், விரும்பிய வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் கொண்டுவர வேண்டும் என்று விதித்தது. ஆனால் வழக்கறிஞரைப் பார்ப்பது எப்போது? கைதான அன்றா, விசாரணை முடிந்த பிறகா? கெடாவில் கைதான ஒருவருக்காக அவர் தகப்பனார் தொடுத்த வழக்கில் 1975இல் கூட்டரசு நீதிமன்றம் பதில் சொன்னது. உரிமை கைதிலிருந்தே தொடங்குகிறது. ஆனால் அதை உடனே பயன்படுத்த முடியாது, போலீசாரின் விசாரணைக்கும் இடம் விட வேண்டும் என்றது. பெற்ற மனத்துக்கு இது அரை வயிற்றுக் கஞ்சிதான்.

மீதியைப் பெற முப்பது ஆண்டுக்கு மேலாயிற்று. 2007இல் நடப்புக்கு வந்த திருத்தம், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 28ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. விசாரிக்கத் தொடங்குமுன், கைதானவர் தாம் இருக்கும் இடத்தைத் தம் உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குச் சொல்லவும், வழக்கறிஞரை அழைக்கவும் போலீசார் இடம் தர வேண்டும். தாமதத்தால் மற்றொரு குற்றம் நடக்கும், யாருக்கேனும் ஆபத்து நேரும் என்பன போன்ற காரணங்களுக்காக உயர் அதிகாரி மறுக்கலாம். அதே திருத்தம் தடுப்புக் காவலுக்கும் வரம்பு கட்டியது. பதினான்கு ஆண்டுக்குக் குறைந்த சிறைத்தண்டனை உள்ள குற்றமானால் முதலில் நான்கு நாள், மறுமுறை மூன்று நாள். அதற்கு மேல் இல்லை.

"உண்மையைச் சொல்லிவிடு, விட்டுவிடுவார்கள்" என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்பும் பெற்றோர் உண்டு. நல்லெண்ணம்தான், ஆனாலும் வழக்கறிஞர் வரும்வரை பொறுக்கச் சொல்வதே மேல். தம்மைக் குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கச் சட்டத்திலேயே இடமுண்டு.

காசுக்கு எங்கே போவது? 1970இல் அரசாங்கம் சட்ட உதவிக்கென ஓர் அலுவலகம் தொடங்கியது. ஆயினும் குற்ற வழக்கில் அதன் உதவி பெரும்பாலும், குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனையைக் குறைக்கக் கேட்பதோடு நின்றது. 2012இல் தேசிய சட்ட உதவி அறவாரியம் பணியைத் தொடங்கிய பிறகுதான், மலேசியக் குடிமக்களுக்குக் கைது, தடுப்புக் காவல், ஜாமீன் கட்டங்களிலும் இலவச வழக்கறிஞர் கிடைத்தார். மலாயில் யயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன் என்பார்கள். பாலாயில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

சமரசம் பேசலாமா என்று பலர் கேட்கிறார்கள். 323 போன்ற சிறு காயக் குற்றத்தில், அடிபட்டவர் மனமார ஒப்பினால் சட்டம் இடம் தருகிறது. வழக்கு நீதிமன்றத்தில் இருந்தால் நீதிமன்றமும் சம்மதிக்க வேண்டும். அதை லாயர் மூலம் செய்யுங்கள். நாமே இரவோடு இரவாக அவர் வீட்டு வாசலில் போய் நின்றால் மிரட்டினோம் என்று இன்னொரு புகார் வரும். அடிபட்டவர் மனைவியாகவே இருந்தால் கதை வேறு. 2007இல் சேர்ந்த 326ஏ பிரிவின்படி, மனைவியையோ கணவனையோ காயப்படுத்தியவருக்கு உச்சத் தண்டனை இரட்டிப்பாகலாம்.