கடலோர மின்பாதையும் மாறுநிலைக் கணிப்பு மென்பொருள்களும்: ஓர் ஒப்பீடு

மின்பாதையில் மின்னல் தாக்கும்போதும், சுவிட்சு மூடித் திறக்கும்போதும், மின்னழுத்தம் மிகக் குறுகிய நேரத்துக்குத் தன் இயல்பளவைப் பலமடங்கு தாண்டக்கூடும். டிரான்சியன்ட் எனப்படும் இம்மாறுநிலைகள் சில மைக்ரோ நொடிகளிலோ மில்லி நொடிகளிலோ முடிந்துவிடும். பிஎஸ்எஸ்இ போன்ற மின்சுமை ஆய்வு மென்பொருள்கள் 50 ஹெர்ட்ஸ் அலையை மட்டுமே அடிப்படையாகக் கொண்டவை. ஆகவே மாறுநிலைகள் அவற்றின் கணக்கில் இடம்பெறுவதில்லை.

மாறுநிலைகளைக் கணிக்கும் ஏடிபி, இஎம்டிபி, பிஎஸ்கேட் ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. ஹெர்மன் டொம்மெல் 1969-இல் வெளியிட்ட கட்டுரையே அந்த வேர். ஒவ்வொரு காலப்படியிலும் மின்தூண்டியையும் மின்தேக்கியையும் ஒரு மின்தடையாகவும் மின்னோட்ட மூலமாகவும் மாற்றி, சரிவக விதிப்படி கணுச் சமன்பாடுகளைத் தீர்ப்பது அவர் முறை. அமெரிக்காவின் பான்வில் மின் நிர்வாகத்தில் இது இஎம்டிபியாக வளர்ந்தது; அது வணிகப் பாதைக்குத் திரும்பிய 1984-ஐ ஒட்டி ஏடிபி பிரிந்தது. கனடாவின் மானிட்டோபாவில் நெல்சன் ஆற்று நேர்மின் பாதைக்காக 1970-களில் டென்னிஸ் வுட்ஃபோர்ட் எழுதிய நிரலே இன்றைய பிஎஸ்கேட்டின் உட்கரு. எனவே ஒரே சுற்றை, ஒரே மாதிரிகளோடும் ஒரே காலப்படியோடும் கொடுத்தால் மூன்றும் ஏறத்தாழ ஒரே அலைவடிவத்தைத் தரவேண்டும். விடைகள் விலகினால், காரணத்தைச் சுவிட்சைக் கையாளும் விதத்திலும் நேரிலாக் கூறுகளிலும் பயனர் இட்ட தரவிலும் தேடுவதே முறை.

புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையிலுள்ள மணமேல்குடி போன்ற ஊரில் இந்த வேறுபாடுகள் நடைமுறைப் பொருள் பெறுகின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், டெல்டாவிலும் புதுக்கோட்டையிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. அத்தகைய அழிவுக்குப்பின் பாதைகளைப் பகுதி பகுதியாக உயிரூட்டும்போது, நீண்ட கிளைப்பாதையின் முனையில் சுமையின்றி நிற்கும் சிறிய மின்மாற்றிக்கு ஒரு கட்டம் மட்டும் வராமல் போகலாம். அப்போது அந்த வராத கட்டக் கம்பியின் மின்தேக்கமும் மின்மாற்றியின் செறிவுறும் தூண்டலும் சேர்ந்து ஃபெரோ ஒத்ததிர்வு எழ வாய்ப்புண்டு.

மென்பொருள்களைச் சோதிக்க இதைவிடக் கடுமையான கேள்வி அரிது. சமன்பாட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிலைத்த தீர்வுகள் இருப்பதால், சுவிட்சு மூடும் கணமும் உட்கருவில் எஞ்சிய காந்தப்பாயமும் விடையை மாற்றிவிடும். ஏடிபியிலும் பிஎஸ்கேட்டிலும் வழக்கமாக எடுத்தாளப்படும் செறிவு மாதிரிகள் பல, முந்தைய படியின் காந்தப்பாயத்தைக் கொண்டே அடுத்த படியைக் கணிக்கின்றன. படி பெரிதானால் தீர்வு தவறான கிளைக்குத் தாவலாம். இன்றைய இஎம்டிபி ஒவ்வொரு படியிலும் மறுசெய்கை மூலம் சமன்பாட்டை நிறைவு செய்வதால் இங்கே முந்துகிறது. ஆயினும் காலப்படியைச் சுருக்கி, சுவிட்சு மூடும் கணத்தைப் பலமுறை மாற்றி ஓட்டினால் ஏடிபியும் நம்பத்தக்க விடை தரும். கட்டணமின்றி, உரிம ஒப்பந்தத்தின் பேரில் கிடைப்பது என்பதால் மாவட்டப் பொறியியல் கல்லூரிகளுக்கு இது சிறிய செய்தியன்று.

சரிவக விதியின் பலவீனம் வேறொரு இடத்தில் வெளிப்படும். தூண்டியின் மின்னோட்டத்தைச் சுவிட்சு திடீரென அறுத்தால், கணித்த மின்னழுத்தம் படிக்குப் படி குறி மாறி ஊசலாடும். மின்பாதையில் அப்படி ஓர் அலைவு இல்லை. அது கணக்கின் பிழை. பிஎஸ்கேட் சுவிட்சு மாறிய கணத்துக்கே இடைக்கணித்துத் திரும்பி இதை நீக்குகிறது. இஎம்டிபி அரைப்படிகளில் பின்னோக்கு ஆய்லர் முறைக்கு மாறுகிறது. ஏடிபியிலோ தூண்டிக்கு இணையாகத் தணிப்பு மின்தடையைப் பயனரே சேர்க்க வேண்டும். சில சுவிட்சுகளே உள்ள 11 கிலோவோல்ட் பாதைக்கு அது பெரிய சுமையன்று. 2021-இல் இயங்கத் தொடங்கிய புகளூர்–திருச்சூர் ±320 கிலோவோல்ட் நேர்மின் இணைப்பைப் போல் எண்ணற்ற மின்னணுச் சுவிட்சுகள் இயங்கும் இடத்தில் பிஎஸ்கேட்டின் முறைக்கே மேன்மை. காற்றாலை, சூரிய மின்நிலையங்களின் இன்வெர்ட்டர் மாதிரிகளும் பெரும்பாலும் அதன் வடிவிலேயே கேட்கப்படுகின்றன.

காலப்படித் தேர்வு எந்த மென்பொருளுக்கும் பொதுவான சிக்கல். கம்பியில் அலை மைக்ரோ நொடிக்குச் சுமார் 300 மீட்டர் செல்லும். பரவலாக வைக்கப்படும் 50 மைக்ரோ நொடிப் படியில் 15 கிலோமீட்டருக்குக் குறைந்த பாதையைப் பயண அலையாகக் காட்ட இயலாது. பை-சுற்றாகச் சுருக்க நேரும். மின்னலை ஆராயக் கம்பத்துக்குக் கம்பம் கணக்கிட வேண்டும். 60 மீட்டர் இடைவெளியை அலை 0.2 மைக்ரோ நொடியில் கடப்பதால், படி அதனினும் சிறிதாக இருந்தாக வேண்டும். 10 கிலோஆம்பியர் மின்னல் கம்பியில் நேரே விழுந்து இருபுறமும் பிரிந்தால், 400 ஓம் அலைமின்மறுப்பில் 2000 கிலோவோல்ட் எழும். 75 கிலோவோல்ட் அலைத் தாங்குதிறன் கொண்ட மின்மாற்றி அதற்கு நிற்காது என்பதை அறிய மென்பொருளே வேண்டியதில்லை. மென்பொருள் பயன்படுவது, அருகில் விழும் மின்னல் தூண்டும் அலையையும் இடிதாங்கியை மின்மாற்றியிலிருந்து எவ்வளவு தொலைவில் வைக்கலாம் என்பதையும் கணிக்கத்தான்.

அக்கணிப்புக்கு இடிதாங்கியின் நிலத்தடை தேவை. உப்பு ஊறிய கரை மணலிலும் உள்நாட்டுச் செம்மண்ணிலும் அது ஒன்றாக இராது. மழைக்கு முன்னும் பின்னும் மாறும். மின்மாற்றியின் சோதனைச் சான்றிதழும் இயல்பு மின்னழுத்தத்தை ஒட்டிய காந்தமாக்கல் மின்னோட்டத்தையே தருகிறது. ஃபெரோ ஒத்ததிர்வுக்கு வேண்டியதோ ஆழ்ந்த செறிவுப் பகுதி. இவ்விரண்டையும் ஊகித்து இட்டபின் மென்பொருள்களின் விடைகளில் காணும் சிறு வேறுபாட்டை எடைபோடுவது பொருளற்றது. மணமேல்குடி போன்ற இடத்துக்கு நிலத்தடையை மழைக்காலத்திலும் கோடையிலும் அளந்து, செறிவு வளைவைச் சோதனையில் பெற்று, அவற்றை ஏடிபியில் இடுவதே முதல் வேலை. இன்வெர்ட்டர் நிலையம் அப்பாதையில் இணையும்போது பிஎஸ்கேட்டுக்கோ இஎம்டிபிக்கோ செல்வது தகும்.