தில்லையில் பதித்த கம்போசக் கல்: அங்கோர் வாட்டின் வழிபாட்டுத் தொடர்ச்சி குறித்து

சிதம்பரம் நடராசர் கோயிலில் முதற்குலோத்துங்கனின் 44ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (கி.பி. 1114) ஒன்று உள்ளது. கம்போச அரசன் சோழ வேந்தனுக்குக் காட்டிய அரிய கல்லொன்று, வேந்தனின் ஆணைப்படி எதிரம்பலத்தில் பதிக்கப்பட்ட செய்தியை அது சொல்கிறது. அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் அரியணை ஏறியது 1113இல். கல்லைக் காட்டியவன் அவனா, அவனுக்கு முந்தியவனா என்பதைக் கல்வெட்டைக் கொண்டு முடிவுகட்ட முடியாது. கம்போசம் எனப்பட்ட கெமர் நாட்டோடு தில்லைக்கு இருந்த உறவுக்கு அது சான்று. அதற்குமேல் அதன்மீது பாரம் ஏற்றக் கூடாது.

ஆனால் ஏற்றுகிறோம். அங்கோர் வாட் தமிழர் கட்டிய கோயில், பிறகு கைவிடப்பட்டது, பௌத்தர் வசமாயிற்று, இன்று வெறும் காட்சிப்பொருள் என்ற கதை மேடைகளிலும் பயண நூல்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. அதைக் கட்டியவர்கள் கெமர் மக்கள். அது வழிபாடு நின்றுபோன இடமும் அன்று. இரண்டாவது பிழையே பெரிது என்பது என் வாதம். தில்லையின் வரலாற்றை உடன் வைத்துப் பார்த்தால்தான் அது விளங்கும்.

சூரியவர்மன் அதைத் திருமாலுக்கு எடுத்தான். இறந்தபின் பரமவிஷ்ணுலோகன் எனப் பெயர் பெற்றான். பின்னூற்றாண்டுகளில் நாடு தேரவாத பௌத்தத்தைத் தழுவியபோது நடுக்கருவறையின் வாயில்களைக் கல்லால் அடைத்து, அந்த அடைப்பின்மேல் நின்ற கோலப் புத்தரைச் செதுக்கினார்கள். இடிக்கவில்லை. அது மட்டுமன்று: வடகிழக்குச் சுற்றில் வெறுமையாய்க் கிடந்த சுவர்களில் வைணவக் கதைச் சிற்பங்களை 1546 முதல் 1564 வரை செதுக்கி நிறைவு செய்தவன் ஆங் சான் என்ற பௌத்த அரசன். 1632இல் ஜப்பானிலிருந்து வந்த உகொந்தயு கசுஃபுசா என்ற அடியவர், இதையே புத்தர் தங்கிய ஜேதவனம் என நம்பி, பெற்றோருக்காகப் புத்தர் திருவுருவங்களை அளித்ததை ஒரு தூணில் மையால் எழுதிவைத்தார். 1860இல் பிரெஞ்சுப் பயணி ஆன்றி முவோ வந்தபோதும் அங்கே துறவிகள் இருந்தார்கள். காட்டுக்குள் தொலைந்த கோயில் என்ற கற்பனை ஐரோப்பியர் பரப்பியது; நாமும் அதை அப்படியே வாங்கிக்கொண்டோம்.

இன்று அங்கே செல்பவர் மேலைக் கோபுரவாயிலில் சற்று நிற்க வேண்டும். தென்புறத்தில் ஆள் உயரத்தையும் மிஞ்சி எட்டுக் கைகளோடு ஒரு கல்லுருவம் நிற்கிறது. அதைத் திருமால் என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கின்றனர். ஊர்மக்களுக்கு அது ‘தா ரீச்’, காவல் தெய்வம். மஞ்சள் பட்டு உடுத்தி, முன்னே ஊதுபத்தி ஏற்றி, பூவும் பழமும் படைத்துக் கும்பிடுகிறார்கள். கும்பிட்டவர்களே உள்ளே போய்ப் புத்தரையும் வணங்குகிறார்கள். நம்மூர் எல்லைச்சாமி வழிபாட்டை அறிந்தவருக்கு இதில் புதிராக எதுவும் இராது.

இனித் தில்லைக்கு வருவோம். ஆழ்வார்கள் பாடிய திருச்சித்திரகூடம் நடராசர் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்த கோவிந்தராசரை இரண்டாம் குலோத்துங்கன் கடலில் எறிந்தான் என்று அவனுடைய அவைப்புலவர் ஒட்டக்கூத்தரே புகழ்ந்து சொல்கிறார். அவன் ஆட்சி 1133இல் தொடங்கியது. அதே ஆண்டுகளில் சூரியவர்மன் அங்கோரில் திருமாலுக்கு உலகம் காணாத கோயிலை எழுப்பிக்கொண்டிருந்தான்! தில்லையில் பெருமாளை மீண்டும் எழுந்தருளுவித்தவர் விசயநகர அச்சுததேவராயர், 1539இல். ‘தொடர்ச்சி’ அறுபடாதது என நாம் எண்ணும் சிதம்பரத்தில் திருமால் வழிபாடு இப்படி முறிந்து ஒட்டியது. ‘அறுந்துபோனது’ எனச் சொல்லும் அங்கோரில் தா ரீச்சுக்கு இன்றும் படையல் நடக்கிறது.

கடலூர்ப் பக்கத்துச் சான்று இன்னும் கடுமையானது. சமண நூலான லோகவிபாகம் சக ஆண்டு 380இல் (கி.பி. 458) பாடலிகை என்னும் ஊரில் எழுதப்பட்டது. அவ்வூர் இன்றைய திருப்பாதிரிப்புலியூர். நாவுக்கரசர் தருமசேனர் என்ற சமணத் துறவியாய் இருந்த பள்ளியும் அங்கேதான் இருந்தது. சமணத்தை விட்டுச் சைவத்துக்கு மாறிய பல்லவ மன்னன் அப்பள்ளியை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் எனப் பெரியபுராணம் பெருமிதத்தோடு சொல்கிறது. அதை எழுத்துக்கு எழுத்து வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மதமாற்றத்துக்குப் பின் ஓர் இடத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்நூல் போற்றும் விடை இடிப்பதுதான்.

கெமர் நாட்டை அமைதியின் இலக்கணமாக்கவும் நான் முற்படவில்லை. அங்கோரிலுள்ள பந்தியாய் கிதேய் கோயில் வளாகத்தில் 2001இல் ஜப்பானியத் தொல்லியலாளர்கள் தோண்டியபோது, உடைத்துப் புதைக்கப்பட்ட பௌத்தச் சிற்பங்கள் 274 கிடைத்தன. பயோன் கோயிலிலும் புத்தர் உருவங்கள் கொத்தி அழிக்கப்பட்டுள்ளன. பகை அங்கும் இருந்தது. அப்படியிருந்தும் அங்கோர் வாட் பிழைத்ததற்குக் காரணம், ஆண்டவர் மாறினாலும் விளக்கேற்ற ஆள் இருந்ததே என்று கருதுகிறேன். வழிபடுவோர் விட்டுச்சென்ற பல கோயில்களைக் காட்டு மரங்களின் வேர்கள் பிளந்துவிட்டன.

1986 முதல் 1993 வரை அங்கோர் வாட்டைப் பழுதுபார்த்தது இந்தியத் தொல்லியல் துறை. அந்த உறவுக்கு மதிப்புக் கொடுப்பதானால், ‘நாம் இழந்த கோயில்’ என்று அதை எழுதுவதை நம் நூலாசிரியர்களும் வழிகாட்டிகளும் நிறுத்த வேண்டும். அது கெமர் மக்களின் கோயில். இன்றும் பூசை நடக்கும் பௌத்தக் கோயில். உள்ளே போகும் தமிழர்கள் காலணியைக் கழற்றிவிட்டு, அங்கே கும்பிடுவோருக்கு வழிவிட்டு நிற்கட்டும்.