பௌத்தத் துறவிகளும் பொருளுடைமையும்

பௌத்தத் துறவிகளும் பொருளுடைமையும் என்னும் இக்கட்டுரை, பணம், நிலம், சூதாட்டம் ஆகியவை குறித்துப் பிக்குகளும் பிக்குணிகளும் ஏற்கும் நோன்புகளையும், அந்நோன்புகளுக்கும் விகாரைகளில் சேரும் செல்வத்துக்கும் இடையே எழும் முரண்பாட்டையும் விளக்குகிறது. பொன், வெள்ளி, காசு ஆகியவற்றைத் துறவி பெறக்கூடாது என்பது விநய பிடகத்தின் விதி. ஆனால் துறவியர் கூட்டமான சங்கம் விகாரை, தோப்பு முதலியவற்றைக் கொடையாக ஏற்கலாம். தனி ஆளுக்கு மறுக்கப்பட்டது கூட்டத்துக்கு வந்து சேரும்போது அதைக் கையாள்பவர் யார் என்ற கேள்வியே இம்முரண்பாட்டின் மையமாகும்.

விநய விதிகள்

தேரவாத மரபில் பிக்குகளுக்கு 227 விதிகளும் பிக்குணிகளுக்கு 311 விதிகளும் உள்ளன. இவற்றின் தொகுப்பு பாதிமோக்கம் எனப்படும். பொருள் தொடர்பான விதிகளுள் பின்வருவன முதன்மையானவை:

- பொன், வெள்ளி அல்லது காசைத் தானே பெறுதலும், பிறரைக் கொண்டு பெறுவித்தலும், தனக்கென வைக்கப்படுவதற்கு இசைதலும் குற்றம்.
- காசைக் கொண்டு கொடுக்கல் வாங்கல் செய்தல் குற்றம்.
- பண்டமாற்று வணிகம் செய்தல் குற்றம்.

புதிதாகத் துறவு மேற்கொள்ளும் சாமணேரர் ஏற்கும் பத்துச் சீலங்களுள் இறுதியானதும் பொன், வெள்ளியைப் பெறாமையே ஆகும்.

முதல் விதி தோன்றிய கதையை விநய பிடகம் கூறுகிறது. உபானந்தர் என்னும் பிக்குவுக்கென ஒரு வீட்டில் இறைச்சி எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அவ்வீட்டுக் குழந்தை அழுததால் அதைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டனர். மறுநாள் வந்த உபானந்தர் அதற்கு ஈடாக ஒரு கார்சாபணக் காசைப் பெற்றுக்கொண்டார். இல்லறத்தார் காசு வாங்குவது போலவே துறவிகளும் வாங்குகின்றனரே என்று மக்கள் பழித்தனர். அதன் பின்னரே புத்தர் இவ்விதியை வகுத்தார் என்பது மரபு.

காசைப் பெற்ற பிக்கு அதைச் சங்கத்தின் முன் துறக்க வேண்டும். அங்கு வரும் இல்லறத்தார் ஒருவர் அக்காசைக் கொண்டு நெய், எண்ணெய் போன்றவற்றை வாங்கி வந்தால் மற்றப் பிக்குகள் அவற்றைப் பயன்படுத்தலாம். காசைப் பெற்றவர் மட்டும் பயன்படுத்தக் கூடாது. அவ்வாறு வாங்குவார் இல்லையெனில், சங்கம் ஒரு பிக்குவை நியமித்து, விழும் இடத்தைக் குறித்துக்கொள்ளாமல் அக்காசை வீசியெறியச் செய்ய வேண்டும்.

அதே வேளையில், அன்பளிப்புப் பணத்தை இல்லறத்தாரான பணியாள் ஒருவரிடம் கொடையாளர் ஒப்படைக்க விநயம் இடம் தருகிறது. அவரிடம் பிக்கு தமக்கு ஆடை தேவை என்று மூன்று முறை நினைவூட்டலாம். ஆறு முறை வரை பேசாமல் அவர் முன் நிற்கலாம். அதற்கு மேல் வற்புறுத்திப் பெறுவது குற்றமாகும். பெற இயலாவிடில் கொடையாளருக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். இத்தகைய பணியாளர் பிற்கால வழக்கில் கப்பியகாரர் எனப்பட்டார்.

புத்தரின் காலத்திலேயே சங்கத்துக்குப் பெருங்கொடைகள் கிடைத்தன. மகத மன்னன் பிம்பிசாரன் வேணுவனத்தை அளித்தான். சிராவஸ்தி நகரத்து வணிகரான அநாதபிண்டிகர், ஜேதவனத் தோப்பின் நிலத்தில் காசுகளைப் பரப்பி அதை விலைக்கு வாங்கினார் என்பது புகழ்பெற்ற கதை.

சூதாட்டம் பற்றிய போதனைகள்

தீக நிகாயத்தின் முதல் சூத்திரமான பிரமஜால சூத்திரம், துறவிகள் விலக்க வேண்டிய விளையாட்டுகளைப் பட்டியலிடுகிறது. எட்டு வரிசை, பத்து வரிசைக் கட்டங்களில் ஆடும் ஆட்டங்களும் தாயமும் அவற்றுள் அடங்கும். கீடாகிரி என்னும் ஊரில் அஸ்ஸஜி, புனப்பசு ஆகியோரைச் சார்ந்த பிக்குகள் இவ்வாட்டங்களில் ஈடுபட்டுக் கண்டிக்கப்பட்ட செய்தி விநய பிடகத்தில் உள்ளது.

இல்லறத்தாருக்கான சிகாலோவாத சூத்திரம் சூதின் ஆறு தீமைகளைக் கூறுகிறது: வென்றவன் பகையைத் தேடுகிறான், தோற்றவன் வருந்துகிறான், செல்வம் அழிகிறது, அவையில் அவன் சொல் ஏற்கப்படுவதில்லை, நண்பர் இகழ்கின்றனர், பெண் கொடுக்க எவரும் முன்வருவதில்லை. திருக்குறளும் சூதுக்கென்று 94ஆம் அதிகாரத்தை ஒதுக்கியுள்ளது ஒப்புநோக்கத்தக்கது.

வைசாலிப் பேரவை

புத்தர் மறைந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் வைசாலியில் கூடிய இரண்டாம் பௌத்தப் பேரவைக்குப் பணமே உடனடிக் காரணமாயிற்று. அந்நகரின் வஜ்ஜிப் பிக்குகள் உபோசத நாளில் வெண்கலக் கலத்தில் நீர் நிரப்பி வைத்து, அதில் காசு இடுமாறு மக்களைக் கேட்டனர். யசர் என்னும் பிக்கு இதனை எதிர்த்ததுடன் தமக்கென ஒதுக்கிய பங்கையும் ஏற்க மறுத்தார். காசு இட்டவர்களிடம் அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வஜ்ஜிப் பிக்குகள் தீர்மானித்தனர். யசர் அம்மக்களிடம் சென்று மன்னிப்புக் கேட்பதற்கு மாறாக விநய விதியை எடுத்துரைத்தார். பின்னர் 700 பிக்குகள் கூடிய பேரவையில், பொன், வெள்ளி பெறுதல் உள்ளிட்ட பத்து வழக்கங்களும் விநயத்துக்கு முரணானவை என்று முடிவு செய்யப்பட்டது.

தமிழகத்தில்

பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் (7ஆம் நூற்றாண்டு) வடமொழியில் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் என்னும் அங்கத நாடகம் காஞ்சியில் நிகழ்வது. அதில் வரும் நாகசேனன் என்னும் பிக்கு, வணிகர் ஒருவரின் வீட்டு விருந்தை மெச்சிக்கொண்டே இராசவிகாரைக்குத் திரும்புகிறான். மதுவையும் பெண்டிரையும் புத்தர் விலக்கியிருக்க மாட்டார், பொறாமை கொண்ட முதிய பிக்குகளே அப்பகுதிகளை நூல்களிலிருந்து மறைத்திருப்பர் என்றும் அவன் எண்ணுகிறான். செல்வரின் ஆதரவில் வாழும் துறவு மக்கள் கண்ணுக்கு எவ்வாறு தோன்றியது என்பதற்கு இந்நாடகம் ஒரு சான்றாகும்.

அதே நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், தெற்கிலிருந்த மலைகூட நாட்டைப் பற்றியும் எழுதியுள்ளார். அந்நாட்டு மக்கள் கல்வியை விட வணிக ஆதாயத்திலேயே நாட்டம் கொண்டவர்கள் என்றும், பழைய விகாரைகள் பல பாழடைந்து கிடந்தன என்றும் அவர் குறிப்பிடுகிறார். மலைகூடம் என்பது பாண்டிய நாட்டைக் குறிக்கும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அவர் கூறும் பொதலகக் குன்றை, தென்காசி, குற்றாலம் ஆகியவற்றுக்குத் தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்த பொதிகையாகக் கருதுவோரும் உளர்.

சோழர் காலத்தில் சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு அளிக்கப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம் எனப்பட்டது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர்கள் கட்டிய சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தியைப் பெரிய லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. இதன்படி, காசைத் தொடாத துறவிகள் வாழ்ந்த விகாரைக்கு ஓர் ஊரின் வருவாய் உரியதாயிற்று. நாகப்பட்டினத்துப் பொன் புத்தர் சிலையைத் திருமங்கையாழ்வார் கவர்ந்து வந்து திருவரங்கத் திருப்பணிக்குப் பயன்படுத்தினார் என்று வைணவ குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன.

இலங்கையில்

இலங்கை விகாரைகள் பெரும் நிலவுடைமைகளாக வளர்ந்தன. நான்காம் மகிந்தனின் (10ஆம் நூற்றாண்டு) மிகிந்தலைக் கல்வெட்டுகள், விகாரைப் பணியாளர்களுக்கு வழங்க வேண்டிய ஊதியத்தை விரிவாகக் குறிப்பதுடன், வரவு செலவுக் கணக்கை எழுதிச் சங்கத்தின் முன் வைக்க வேண்டும் எனவும் விதிக்கின்றன.

சங்கத்துக்கு உரிய உடைமை சாங்கிகம் என்றும், தனிப் பிக்குவுக்கு உரியது புத்கலிகம் என்றும் வழங்கும். 1931ஆம் ஆண்டின் பௌத்த விகாரை உடைமைகள் சட்டம் இரண்டாவது வகையையும் ஏற்றுக்கொண்டது. பிக்கு தம் வாழ்நாளில் வேறொருவருக்கு மாற்றாத தனி உடைமை, அவருக்கு மரபுரிமையாக வந்ததாக இல்லாவிடில், அவர் சார்ந்த விகாரையைச் சேரும் என்பது அச்சட்டத்தின் விதி.

சீனாவிலும் ஜப்பானிலும்

சீன விகாரைகள் அடகுக்கடை, இறந்த துறவியரின் உடைமைகளை ஏலமிடல், குலுக்கல் சீட்டு ஆகிய வழிகளில் பணம் திரட்டியதை வரலாற்றாய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். அறக்கொடைப் பணத்தைச் சங்கத்தின் நலனுக்காக வட்டிக்கு விட மூலசர்வாஸ்திவாத விநயம் இடமளித்ததும் குறிப்பிடத்தக்கது. ஜப்பானில் எடோ காலத்தில் கோயில்கள் குலுக்கல் சீட்டு நடத்தின. அந்நாட்டில் சூதாட்டக் கூடம் நடத்துபவர் எடுத்துக்கொள்ளும் பங்குக்குத் தெரசென் என்று பெயர். இதன் நேர்ப்பொருள் 'கோயில் காசு' என்பதாகும்.

அண்மைக்கால நிகழ்வுகள்

தென் கொரியா, 2012: ஏப்ரல் மாதத்தில் பேக்யாங்சா விகாரைக்கு அருகிலுள்ள விடுதி ஒன்றில் ஜோக்யே பிரிவின் துறவிகள் சிலர் பணம் வைத்துச் சீட்டாடிய காட்சி மறைகாணிப் பதிவில் சிக்கியது. மூத்த துறவி ஒருவரின் நினைவுச் சடங்குக்காக அவர்கள் அங்கு வந்திருந்தனர். பந்தயத் தொகை 100 கோடி வொன்னுக்கு மேல் என்று கூறி, மற்றொரு துறவி மே மாதத்தில் அரசு வழக்குத் தொடுநரிடம் புகார் அளித்தார். உரிமம் பெற்ற இடங்களுக்கு வெளியே சூதாடுவது அந்நாட்டில் குற்றமாகும். ஜோக்யே பிரிவின் உயர் நிர்வாகிகள் ஆறு பேர் பதவி விலகினர். அதன் தலைவர் பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்டார். விகாரைகளின் நிதி நிர்வாகத்தில் இல்லறத்தாரான வல்லுநர்களை ஈடுபடுத்தும் சீர்திருத்தமும் அறிவிக்கப்பட்டது.

தாய்லாந்து, 2025: மே மாதத்தில் நகோன் பதோம் மாகாணத்திலுள்ள வாட் ராய் கிங் விகாரையின் தலைமைத் துறவி கைது செய்யப்பட்டார். விகாரையின் நிதியிலிருந்து 30 கோடி பாட்டுக்கு மேல் கையாடி, அதை இணையச் சூதாட்ட வலையமைப்புடன் தொடர்புடைய கணக்குகளுக்கு மாற்றினார் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு.

கருத்து வேறுபாடுகள்

பணமின்றிப் பயணம், மருத்துவம், கல்வி எதுவும் இயலாத காலத்தில் பழைய விதியை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்ற முடியாது என்பது ஒரு சாரார் கருத்து. பல நாடுகளில் பிக்குகள் நடைமுறையில் பணத்தைக் கையாளுகின்றனர். விதியைத் தளர்த்துவதே சீர்கேட்டின் தொடக்கம் என்பது மறுசாரார் கருத்து. தாய்லாந்தின் வன மரபுத் துறவிகள் பலர் இன்றும் பணத்தைத் தொடுவதில்லை. அவர்களுக்கான நிதியை இல்லறத்தார் வைத்து நிர்வகிக்கின்றனர்.

கொரியாவிலும் தாய்லாந்திலும் பேசப்பட்டது பெரும்பாலும் துறவிகளின் தனி ஒழுக்கமே. எனினும் தனி ஒழுக்கத்தை மட்டும் நம்பி விநயம் விதிகளை வகுக்கவில்லை. பணம் துறவியின் கைக்கு வராமல் இல்லறத்தாரிடம் இருக்க அது வழிசெய்தது. மிகிந்தலைக் கல்வெட்டு கணக்கைச் சங்கத்தின் முன் வைக்கச் செய்தது. கொரியச் சீர்திருத்தம் முன்வைத்த தீர்வும் இவற்றை ஒத்ததே.

இவற்றையும் பார்க்கவும்

- விநய பிடகம்
- இரண்டாம் பௌத்தப் பேரவை
- சூடாமணி விகாரை
- மத்தவிலாசப் பிரகசனம்
- பள்ளிச்சந்தம்