ரெண்டு வேலை, ஒரு பிரசவம், கொஞ்சம் சரித்திரம்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்ட விஷயம் இது. லண்டன்ல எங்க பக்கத்து வீட்டு அக்கா 2025ல் கர்ப்பமா இருந்தாங்க. விடிகாலையில் ஒரு அலுவலகத்தில் துப்புரவு வேலை, வாரம் 130 பவுண்டு. சாயங்காலம் ஒரு கடையில் கல்லா, வாரம் 110 பவுண்டு. பிரசவகாலச் சம்பளமா கிடைச்சது எவ்வளவு தெரியுமா? வாரம் 117 பவுண்டு!

"ரெண்டு இடத்துலயும்தானே தம்பி உழைச்சேன்?"னு கேட்டாங்க. பதில் தேடிப் போனா நூறு வருஷக் கதை வந்து நிக்குது.

பிரிட்டனில் 1911ல் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த தேசியக் காப்பீட்டுச் சட்டத்தில்தான் பிரசவத்துக்கு 30 ஷில்லிங் வந்தது. அதுவும் பிள்ளை பெத்தவளுக்குச் சொந்தம் இல்லையாம்! கூட்டுறவுப் பெண்கள் சங்கத்தார் விடாமல் போராடி, 1913 திருத்தத்தில் அதைத் தாயின் பணமாக்கினார்கள். 1948லிருந்து, வேலைக்குப் போய் சந்தா கட்டிய பெண்களுக்கு 13 வாரம் அரசு உதவித்தொகை.

முதலாளியும் சம்பளம் தரணும்னு சொன்னது 1975ம் வருஷச் சட்டம். ஆறு வாரம், சம்பளத்தில் 90 சதவீதம் (உதவித்தொகையைக் கழிச்சுக்கிட்டுத்தான்). ஆனா ஒரே முதலாளிகிட்ட ரெண்டு வருஷம், வாரம் 16 மணி நேரமாவது வேலை பார்த்திருக்கணும். எட்டிலிருந்து பதினாறு மணி நேரம்னா அஞ்சு வருஷம்! ரெண்டு இடத்தில் 12, 12 மணி நேரம் உழைச்சவளுக்கு மொத்தம் 24. ஆனா சட்டத்தின் கண்ணுக்கு அவ ரெண்டு தனித்தனி 'பாதி' ஆள்.

1987ல் இப்போதைய சட்டப்படியான பிரசவச் சம்பளம் வந்தது. அந்த ஆறு வாரத் தொகைக்கு மணிக்கணக்கு மட்டும் போகல. 1992ல் வந்த ஐரோப்பிய உத்தரவுக்கு அப்புறம், 1994 அக்டோபரில்தான் ஒழிஞ்சது.

அப்பாடான்னு உட்கார முடியாது. மணிக்கணக்கு போனாலும் பணக்கணக்கு இருக்கே! ஒவ்வொரு வேலையிலும் தனித்தனியா ஒரு குறைந்தபட்ச வருமானத்தைத் தொடணும். 2025-26ல் அது வாரம் 125 பவுண்டு. அக்காவோட முதல் வேலை தாண்டிடுச்சு, 130ல் 90 சதவீதம் 117. ரெண்டாவது தாண்டல, பூஜ்யம்.

இதுல கொடுமை என்னன்னா, ரெண்டு வேலையும் 125க்குக் கீழே இருந்திருந்தா அரசாங்கத்தோட உதவித்தொகைக்குப் போகலாம். அங்கே மட்டும் ரெண்டு சம்பளத்தையும் கூட்டிப் பார்ப்பாங்க! 2025-26ல் 100, 110ன்னு 210 பவுண்டு வாங்கினவங்களுக்கு, தகுதி இருந்தா, வாரம் 187.18. ஒரு வேலையில் முதலாளி தரவேண்டியிருந்தா உதவித்தொகை கிடையாது. ஆக 240 வாங்கின அக்காவுக்கு 117.

ரெண்டு வேலை பார்க்கிற சகோதரிகள் யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லி வைங்க: ரெண்டு முதலாளிகிட்டயும் தனித்தனியா கேட்கணும். ரெண்டு பேரும் தகுதி இல்லைன்னா, எஸ்எம்பி1 படிவத்தைக் கையோட வாங்கிட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கணும்.

அக்காவுக்குப் பெண் குழந்தை. அந்த 117ல் சமாளிக்க முடியாம, சீக்கிரமே கல்லாவுக்குத் திரும்பிட்டாங்க. அவங்க கேட்ட கேள்விக்கு நியாயமான பதில் எனக்கு இன்னும் கிடைக்கலை. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க மக்களே.